தொலைதூர ரைபிள் சுடுதலுக்கு பாலிஸ்டிக் கால்குலேட்டர்: சென்னை ஷூட்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உரிமம் பெற்ற ரைபிளை ரேஞ்சில் வைத்துச் சுடும் விளையாட்டு வீரர்களுக்காக இந்தப் பக்கம். பாலிஸ்டிக் கால்குலேட்டர் என்பது, ஒரு தூரத்துக்குக் குண்டு எவ்வளவு கீழிறங்கும், காற்றில் எவ்வளவு விலகும் என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள். 100 மீட்டரைத் தாண்டிச் சுட ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ‘எந்த ஆப் நல்லது?’ என்பதுதான். அதற்கும் பதில் கீழே இருக்கிறது. ஆனால் ஆப்புக்குள் நீங்கள் எந்த எண்களைப் போடுகிறீர்கள், அவற்றை எப்படி அளந்தீர்கள் என்பதுதான் குண்டு எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் பெரும்பாலான பதில்கள் அந்த எண்களைச் சுற்றியே இருக்கும்.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் 50 மீட்டர் .22 போட்டிக்கும் தேவையில்லை. தூரம் மாறாது. ஒருமுறை ஜீரோ செய்தால் (குறிபார்க்கும் புள்ளியிலேயே குண்டு விழுமாறு சைட்டைப் பொருத்தினால்) போதும், மிச்சமெல்லாம் கொடியைப் பார்த்துக் காற்றைக் கணிக்கும் வேலை. 300 மீட்டர் போட்டியிலும் தூரம் ஒன்றுதான் என்பதால், முதல் நாள் ஸ்கோப்பையோ சைட்டையோ எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்வதோடு கால்குலேட்டரின் வேலை முடிந்துவிடும்.

ஒரே அமர்வில் 50, 75, 110, 160, 200 என்று மாறி மாறிச் சுடும்போதுதான் இது அவசியமாகிறது. ஒவ்வொரு தூரத்துக்கும் சுட்டுப் பார்த்துக் குறித்துவைக்கத் தோட்டாவும் கட்டுப்படியாகாது, ரேஞ்ச் நேரமும் கிடைக்காது. இரண்டு மூன்று தூரங்களில் சுட்டுச் சரிபார்த்துவிட்டு, இடைப்பட்ட தூரங்களை மென்பொருளிடம் விட்டுவிடலாம்.

ஆப்பில் என்னென்ன விவரங்கள் கொடுக்க வேண்டும்?

குண்டின் எடை, அதன் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் (காற்றின் தடையைக் குண்டு எவ்வளவு சமாளிக்கிறது என்ற எண்; எல்லோரும் ‘பிசி’ என்றுதான் சொல்கிறோம்), பேரலை விட்டு வெளியேறும் வேகம், ஜீரோ தூரம், சைட் உயரம், காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகமும் திசையும், இலக்கின் தூரம். ஸ்பின் டிரிஃப்ட் (குண்டின் சுழற்சியால் வரும் பக்கவாட்டு விலகல்) கணக்கிட வேண்டுமானால் பேரலின் ட்விஸ்டும் (உள்வரிகளின் முறுக்கு) குண்டின் நீளமும் சேரும்.

இவற்றில் அலட்சியமாக விடப்படுவது சைட் உயரம். பேரலின் மையக் கோட்டிலிருந்து ஸ்கோப்பின் மையக் கோடு வரை உள்ள தூரம் அது. பலர் ஆப்பில் முன்கூட்டியே இருக்கும் 38 மி.மீ. என்ற எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உயரமான மவுன்ட் போட்ட .22 ரைபிளில் அது 50 மி.மீ.க்கும் மேல் இருக்கும். 50 மீட்டர் ஜீரோவில் சைட் உயரம் 5 மி.மீ. தவறானால் 200 மீட்டரில் விடை 15 மி.மீ. விலகும். 12 மி.மீ. தவறானால் விலகல் 36 மி.மீ. ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் ஐந்து நிமிட வேலை: போல்ட்டின் மேல் விளிம்பிலிருந்து ஸ்கோப் குழாயின் கீழ் விளிம்பு வரை அளந்து, போல்ட் விட்டத்தில் பாதியையும் குழாய் விட்டத்தில் பாதியையும் (30 மி.மீ. குழாய் என்றால் 15) கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, எந்த ஆப்?

.22 வைத்து 200 மீட்டருக்குள் சுடுபவர் என்றால் இலவசமாகக் கிடைப்பதே போதும். ஜேபிஎம் இணையக் கால்குலேட்டர் பிரவுசரிலேயே ஓடும். தோற்றம் பழையது, கணக்கு நம்பகமானது, எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் காட்டும். வீட்டில் உட்கார்ந்து அட்டவணை தயாரிக்க அதைவிட வசதியானது குறைவு. இணையம் இல்லாத ரேஞ்சில் அது உதவாது.

போனில் வைத்துக்கொள்ள ஹார்னடியின் 4டிஓஎஃப் ஆப்பும் லாப்புவா பாலிஸ்டிக்ஸ் ஆப்பும் இலவசம். அந்தந்த நிறுவனங்கள் தங்கள் குண்டுகளை டாப்ளர் ரேடாரில் அளந்து, வேகத்துக்கு வேகம் மாறும் காற்றின் இழுவையை உள்ளே வைத்திருக்கின்றன. அதே நிறுவனத்தின் குண்டைத்தான் சுடுகிறீர்கள் என்றால் இவற்றை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். வேறு நிறுவனக் குண்டு என்றால், அது பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் சாதாரண பிசி கணக்குக்கு இறங்கிவிடுகிறீர்கள். அப்போது இந்த ஆப்களுக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் மென்பொருளில் பல நிறுவனக் குண்டுகளின் அளந்த இழுவை வளைவுகள் உண்டு. ட்ரூயிங் வசதியும் (குண்டு விழுந்த இடத்துக்குப் பொருந்துமாறு கணக்கைத் திருத்துவது) விரிவானது. கெஸ்ட்ரல் 5700 எலைட் என்ற கையடக்க வானிலைக் கருவிக்குள் ஓடுவதும் இதே கணக்குதான். 600 மீட்டரைத் தாண்டிச் சுடும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு இந்தச் செலவு நியாயம். 200 மீட்டர் ஷூட்டருக்கு அந்தப் பணம் நல்ல தோட்டாவிலும் குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு குரோனோகிராஃபிலும் போவதே பயனுள்ளது.

ஸ்ட்ரெலோக் ப்ரோ ஒரு காலத்தில் எல்லோர் போனிலும் இருந்தது. அமெரிக்கத் தடைகளைத் தொடர்ந்து 2022இல் அது ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. டெலிகிராமில் சுற்றும் ஏபிகே கோப்பாக அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். யார் கைபட்டு வந்த கோப்பு என்று தெரியாத ஒன்றுக்கு உங்கள் இருப்பிட அனுமதியைக் கொடுப்பது வம்பு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கு விஷயங்களைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் முழுதாக வேலை செய்ய வேண்டும். காற்றழுத்தத்தை நேரடியாக ‘ஸ்டேஷன் பிரஷர்’ ஆக (நிற்கும் இடத்தில் அளந்த, திருத்தாத அழுத்தமாக) கொடுக்கும் வசதி வேண்டும். மீட்டர், மில் (ஸ்கோப் திருத்தத்தின் கோண அலகு), மீ/வி, ஹெக்டோபாஸ்கல் என்று ஒவ்வோர் அலகையும் தனித்தனியே மாற்ற முடிய வேண்டும். ரைபிள் விவரத்தைக் கோப்பாக வெளியே எடுத்துவைக்க முடிய வேண்டும். போன் தொலைந்தால் ஒரு வருட உழைப்பும் சேர்ந்து போகக் கூடாது.

ஜி1, ஜி7 என்று இரண்டு பிசி எண்கள் இருக்கின்றனவே, எதைப் போடுவது?

ஜி1 என்பது 19ஆம் நூற்றாண்டுப் பீரங்கிச் சோதனைகளின் வழி வந்த அளவுகோல். தட்டையான அடிப்பகுதியும் மொட்டையான முனையும் கொண்ட குண்டு அதன் மாதிரி. ஜி7 இன்றைய நீண்ட, வால் குறுகிய குண்டுகளுக்கு நெருக்கமானது. நவீன சென்டர்ஃபயர் (.308 போல, அடிப்பகுதியின் நடுவில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா) குண்டுக்கு ஜி7 இருந்தால் அதையே போடுங்கள். வேகம் குறையக் குறைய ஜி1 எண் மாறிக்கொண்டே போகும், ஜி7 ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

எண்ணும் மாடலும் ஜோடியாகவே போக வேண்டும். சியரா மேட்ச்கிங் 175 கிரெய்ன் .308 குண்டின் ஜி1 எண் 0.505, ஜி7 எண் 0.243 அளவில் வரும். ஜி7 என்று தேர்ந்தெடுத்துவிட்டு 0.505 போட்டால், உலகத்தில் இல்லாத ஒரு குண்டுக்கு ஆப் கணக்குப் போட்டுக் கொடுக்கும். எச்சரிக்கையும் வராது. 300 மீட்டரில் ‘ஏதோ கொஞ்சம் கீழே விழுகிறது’ என்று தோன்றும். 600க்குப் போனால் பலகையிலேயே துளை இருக்காது.

.22 எல்ஆருக்கு ஜி7 பொருந்தாது. ஜி1 போடுங்கள். சில ஆப்களில் ரிம்ஃபயருக்கென்று (.22 போல, விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா) ஆர்ஏ4 என்ற மாடல் இருக்கும், அது இருந்தால் அதற்குரிய பிசி எண்ணோடு போடலாம்.

வானிலை விவரம் கூகுளில் பார்த்துப் போட்டால் போதாதா? சென்னை கடல் மட்டம்தானே?

சென்னையில் நடக்கும் பெரிய குழப்பமே இதுதான். கடல் மட்டம் என்றதும் பலர் ஆப்பில் உயரம் 0 போட்டு, வெப்பநிலையை 15 டிகிரியிலேயே விட்டுவிடுகிறார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐசிஏஓ) தரப்படி 15 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கலில் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ. மே மாத மதியம் 35 டிகிரி, 1005 ஹெக்டோபாஸ்கல், 70 சதவீத ஈரப்பதம் என்று கணக்குப் போட்டால் 1.12 கிலோதான் வரும். ஏறக்குறைய 8.5 சதவீதம் குறைவு. ஷூட்டர்கள் பேசும் ‘டென்சிட்டி ஆல்டிட்யூட்’ (தரக் காற்றில் எந்த உயரத்தில் இதே அடர்த்தி இருக்குமோ அந்த உயரம்) கணக்கில் அது 930 மீட்டர் உயரத்துக்குச் சமம். அதாவது ஆவடியில் நின்றுகொண்டு பெங்களூரு உயரத்துக் காற்றில் சுடுகிறீர்கள்! ஜனவரி காலை 22 டிகிரியில் அதே இடம் 330 மீட்டர் போல இருக்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் .22க்கு 200 மீட்டரில் சுமார் 3 செ.மீ. ஆனால் 15 டிகிரி தரக் காற்றை வைத்து .308 குண்டுக்கு 1000 மீட்டர் கணக்குப் போட்டு மே மாதக் காற்றில் சுட்டால் அரை மீட்டருக்கும் மேல் பிசகும்.

ஈரமான காற்று கனமானது என்று நம்புபவர்கள் நிறைய. உண்மை நேர்மாறு. நீராவி, காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட லேசானது. நம் ஊர்ப் புழுக்கம் காற்றின் அடர்த்தியை ஒன்றரை சதவீதம் வரை குறைக்கிறது. பெரிய விளைவில்லை, ஆனால் திசை தெரிந்திருக்க வேண்டும்.

இனி காற்றழுத்தம். வானிலைத் தளங்கள் தரும் எண் கடல் மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. சென்னையில் திருத்தப்பட்டதும் திருத்தாததும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் தவறு வெளியே தெரியாது. அதே பழக்கத்தோடு போட்டிக்குப் பெங்களூரு போனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே வானிலைத் தளம் 1013 என்று காட்டும், உங்களைச் சுற்றியுள்ள உண்மையான அழுத்தம் 910க்கு அருகில்தான் இருக்கும். அந்த 1013ஐ ஸ்டேஷன் பிரஷர் கட்டத்தில் போட்டால் காற்றை 10 சதவீதத்துக்கும் மேல் அடர்த்தியாக்கிவிட்டீர்கள். இன்னொரு பக்கம், கருவியில் அளந்த 910ஐப் போட்டுவிட்டு உயரத்தையும் 920 என்று கொடுத்தால் சில ஆப்கள் இரண்டு முறை திருத்திவிடும். ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அளந்த அழுத்தம் மட்டும், உயரம் வேண்டாம். பல போன்களில் பாரோமீட்டர் சென்சார் இருக்கிறது. அது காட்டுவது திருத்தாத, நேரடியான அழுத்தம்தான்.

பேரல் வேகத்துக்குத் தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் போடலாமா?

கூடாது. அது நிறுவனத்தின் சோதனைப் பேரலில் அளந்தது. உங்கள் பேரல் நீளம் வேறு, சேம்பர் வேறு. .22 ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டாவில் வேகம் 5 மீ/வி தவறானாலே 200 மீட்டரில் ஏற்ற இறக்கம் 5 முதல் 7 செ.மீ. வரை மாறும். பெட்டியில் உள்ள எண்ணுக்கும் உங்கள் ரைபிளுக்கும் அதைவிட அதிக வித்தியாசம் வருவது சாதாரணம்.

கிளப்பில் யாரிடமாவது குரோனோகிராஃப் இருக்கும், கேட்டு வாங்குங்கள். குறைந்தது 20 ரவுண்டு சுட்டுச் சராசரி எடுங்கள். ஐந்து ரவுண்டு சராசரியை நம்ப வேண்டாம். கார்மின் ஸீரோ சி1 போன்ற ரேடார் கருவிகள் பேரலைத் தொடாது, பக்கத்தில் வைத்தால் போதும். பேரல் நுனியில் கட்டும் வகைக் கருவி வேகத்தைச் சரியாகச் சொல்லும், ஆனால் மெல்லிய பேரலில் குண்டு விழும் இடத்தை நகர்த்திவிடும். அதைக் கட்டிக்கொண்டு ஜீரோ செய்யாதீர்கள். நிழல் பார்த்து அளக்கும் பழைய வகையை 3 மீட்டர் முன்னால் வைத்தால் .22க்கு 1 மீ/விக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டும். அந்த 3 மீட்டரைக் கொடுக்க ஆப்பில் ஒரு கட்டம் இருக்கும்.

அளக்கும்போது வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து சூடானால் வேகம் கூடும். காரின் டேஷ்போர்டில் கிடந்த தோட்டாவும் நிழலில் பையில் இருந்த தோட்டாவும் ஒரே மாதிரி பறக்காது. மே மாதத்தில் மூடிய காருக்குள் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டாவை ஒரு சிறிய கூலர் பையில், ஐஸ் இல்லாமல், நிழலில் வைத்தாலே போதும். லாட் எண் (ஒரே தொகுதியில் தயாரான தோட்டாக்களின் எண்) மாறினால் மறுபடி அளக்க வேண்டும். ஆப்பில் ரைபிள் பெயரோடு லாட் எண்ணையும் சேர்த்து எழுதிவைப்பவர்களுக்குப் பின்னாளில் குழப்பம் வராது.

வெப்பத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது. ஒலியின் வேகம் 15 டிகிரியில் 340 மீ/வி, 35 டிகிரியில் 352. 327 மீ/வியில் கிளம்பும் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி .22 குண்டு நம் ஊரில் ஒலிவேகத்தின் 93 சதவீதத்தில்தான் பறக்கிறது. ஒலிவேகத்தை ஒட்டிய தடுமாற்றப் பகுதியிலிருந்து அது தள்ளியே இருப்பதால் கணக்கும் துல்லியமாகப் பொருந்துகிறது. ஹை வெலாசிட்டி தோட்டா அந்தப் பகுதியைக் கடந்துதான் கீழே இறங்க வேண்டும். தொலைவுக்கு வேகமான தோட்டா நல்லது என்று வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மில்லா, எம்ஓஏவா?

மீட்டரில் சுடும் நமக்கு மில்தான் சுலபம். 1 மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 0.1 மில் கிளிக் 1 செ.மீ. எம்ஓஏ என்ற மற்றக் கோண அலகு 100 மீட்டரில் 29.1 மி.மீ., கால் எம்ஓஏ கிளிக் 7.3 மி.மீ. 1 மில் = 3.438 எம்ஓஏ. ஸ்கோப்பில் ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் குறுக்குக் கம்பி) மில், டரட் (திருப்பும் குமிழ்) எம்ஓஏ என்று கலந்து வருவது இன்னும் சில பழைய மாடல்களில் உண்டு. ஆப்பில் டரட் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆப் சொன்னபடி திருப்பினேன், குண்டு வேறெங்கோ போகிறது. ஆப் தவறா?

பெரும்பாலும் ஸ்கோப். 10 மில் திருப்பினால் உண்மையில் 10 மில் நகர்கிறதா என்று எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்?

ஒரு நீளமான தாளில் நூல்குண்டு தொங்கவிட்டு நேர்செங்குத்தாக 120 செ.மீ. கோடு போடுங்கள். தாளை 100 மீட்டரில் ஒட்டுங்கள். அந்த 100 மீட்டரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்; ரேஞ்சில் எழுதியிருப்பது கஜமாக இருந்தால் 100 கஜம் என்பது 91.4 மீட்டர்தான். கோட்டின் அடியில் ஒரு புள்ளி. ரைபிளை அசையாமல் பூட்டிவைக்க முடிந்தால் சுடவே வேண்டாம்: குறுக்குக் கம்பியைக் கோட்டின் மேல்புள்ளியில் வைத்து, 10 மில் திருப்பி, கம்பி கோட்டில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். சுட்டுப் பார்ப்பதென்றால், கீழ்ப் புள்ளியைக் குறிபார்த்து ஐந்து ரவுண்டு, பிறகு 10 மில் ஏற்றி அதே புள்ளியைக் குறிபார்த்து ஐந்து ரவுண்டு. இரண்டு குழுக்களின் மையத்துக்கும் இடையே 1000 மி.மீ. இருக்க வேண்டும். 980 இருந்தால் உங்கள் ஸ்கோப்பின் ஒவ்வொரு மில்லும் 0.98 மில். ஆப்பில் ‘கிளிக் வேல்யூ’ அல்லது ‘ஸ்கோப் கரெக்‌ஷன்’ என்ற கட்டத்தில் இதைக் கொடுக்கலாம். மேல் குழு கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகினால் ஸ்கோப் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது; ரிங்கைக் கழற்றி நேராகப் பூட்டுங்கள்.

ட்ரூயிங் என்கிறார்களே, அதை எப்போது செய்வது?

கடைசியில். ஆப் சொன்ன விடைக்கும் தாளில் விழுந்த இடத்துக்கும் பொருந்துமாறு வேகத்தையோ இழுவையையோ சற்றுத் திருத்துவதுதான் ட்ரூயிங். ஜீரோ, சைட் உயரம், ஸ்கோப் நகர்வு, தூரம், வானிலை ஐந்தும் சரிபார்க்காமல் இதைத் தொட்டால், ஒரு தவறை இன்னொரு தவறால் மூடுகிறீர்கள். அன்றைக்குப் பொருந்தும். அடுத்த மாதம் வேறு வெயிலில் பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டு. 40 கிரெய்ன் .22, 327 மீ/வி, பிசி 0.13, சைட் உயரம் 50 மி.மீ., 50 மீட்டர் ஜீரோ. 100 மீட்டருக்குச் சுமார் 2.2 மில், 200 மீட்டருக்குச் சுமார் 8.4 மில் ஏற்ற வேண்டியிருக்கும். இப்போது தாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எல்லாத் தூரத்திலும் ஒரே 0.2 மில் விலகல் என்றால் ஜீரோ நகர்ந்திருக்கிறது. திருப்பிய அளவுக்கு ஏற்ற விகிதத்தில் விலகல் கூடினால் (2.2க்கு 0.04, 8.4க்கு 0.17 என்பது போல) ஸ்கோப்பைச் சந்தேகியுங்கள், ஸ்கோப்பைச் சோதித்து முடித்துவிட்டீர்கள் என்றால் வேகம். 100இல் அச்சாகப் பொருந்தி, 150இல் லேசாகப் பிசகி, 200இல் மளமளவென்று பிசகினால் அது பிசி. அப்போது வேகத்தைத் தொடாமல் பிசியை 0.005 அளவில் மாற்றிப் பாருங்கள்.

சென்டர்ஃபயரில், குண்டின் வேகம் இன்னும் ஒலிவேகத்தைவிட 1.2 மடங்கு இருக்கும் தூரத்தில் பேரல் வேகத்தைத் திருத்துவது வழக்கம். அதற்கு அப்பால் உள்ள பிசகுக்கு இழுவையைத் திருத்த வேண்டும். அப்ளைடு பாலிஸ்டிக்ஸில் இதற்கு ‘டிராப் ஸ்கேல் ஃபேக்டர்’ என்ற தனி இடம் உண்டு.

ட்ரூயிங்குக்கு மூன்று ரவுண்டு போதாது. பத்து ரவுண்டுக் குழுவின் மையத்தை எடுங்கள்.

காற்றையும் ஆப் பார்த்துக்கொள்ளுமா?

3 மீ/வி குறுக்குக் காற்று என்று நீங்கள் சொன்னால், .22க்கு 50 மீட்டரில் 1.5 செ.மீ., 100இல் 6 முதல் 7 செ.மீ., 200இல் சுமார் 26 செ.மீ. தள்ளும் என்று அது சொல்லும். 50 மீட்டர் தாளில் 10ஆம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான் என்பதை நினைத்தால், மிதமான காற்றே எவ்வளவு கெடுக்கும் என்பது புரியும். ஆனால் காற்று 3 மீ/வியா 2 மீ/வியா, பாதி வழியில் திசை மாறுகிறதா என்று ஆப்புக்குத் தெரியாது. கெஸ்ட்ரலுக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக் காற்று மட்டும்தான் தெரியும்.

சென்னையில் கோடைக் காலத்தில் காலையில் மேற்கிலிருந்து வரும் காற்று, கடற்காற்று புகுந்ததும் கிழக்கு, தென்கிழக்காகத் திரும்பிவிடும். திரும்பும் அந்த நேரத்தில் கொடிகள் ஆளுக்கொரு பக்கம் காட்டும். ட்ரூயிங் வேலையை விடிந்ததும் முடித்துக்கொள்வது நல்லது. காற்று கிளம்பிய பிறகு காற்றுப் பழகலாம், அதற்கு அதுவே சரியான நேரம்.

அலகில் கவனம்: மீ/வி கட்டத்தில் கிமீ/மணி எண்ணைப் போட்டால் திருத்தம் 3.6 மடங்காகிவிடும்.

கோரியாலிஸ், ஸ்பின் டிரிஃப்ட் எல்லாம் ஆன் செய்ய வேண்டுமா?

300 மீட்டருக்குள் வேண்டாம். அதற்கு மேல் என்றால் நம் ஊர் அட்சரேகையில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. சென்னை 13 டிகிரி வடக்கு. பூமியின் சுழற்சியால் (கோரியாலிஸ்) பக்கவாட்டில் வரும் விலகல் அட்சரேகையின் சைனைப் பொறுத்தது, அது இங்கே 0.22தான். 1000 மீட்டரை 1.8 விநாடியில் கடக்கும் குண்டு 3 செ.மீ.தான் பக்கவாட்டில் விலகும். மேல் கீழ் விலகலோ கோசைனைப் பொறுத்தது. அது 0.97, கிட்டத்தட்ட உச்சம். அதே குண்டு நேர்கிழக்கே சுட்டால் 13 செ.மீ. மேலேயும் நேர்மேற்கே சுட்டால் 13 செ.மீ. கீழேயும் விழும். ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் பக்கவாட்டு விலகலைப் பெரிதாகப் பேசும். நமக்குச் சுடும் திசைதான் முக்கியம். 300 மீட்டரில் இது 9 மி.மீ. அளவே. அந்தத் தாளின் 10ஆம் வளையம் 100 மி.மீ. என்பதால் விட்டுவிடலாம்.

திசையைப் போன் திசைகாட்டியில் எடுக்கும்போது ரைபிளை விட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். இரும்புக்குப் பக்கத்தில் அது பொய் சொல்லும். ஸ்பின் டிரிஃப்ட் வலச்சுழல் பேரலில் வலப்பக்கம் போகும். .308க்கு 1000 மீட்டரில் 25 முதல் 30 செ.மீ. வரை.

போனா, தனிக் கருவியா?

வெயிலில் வைத்த போன் முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு சூடு தாங்காமல் தானே அணையும். போலரைஸ்டு கண்ணாடி போட்டிருந்தால் சில கோணங்களில் திரை கறுப்பாகத் தெரியும். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை அடங்காது. கெஸ்ட்ரல் போன்ற கருவியில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் அதையும் வெயிலில் கிடந்த பெஞ்சிலிருந்து எடுத்து உடனே வெப்பநிலை பார்த்தால் பெஞ்சின் சூட்டைத்தான் காட்டும். நிழலில், காற்றோட்டத்தில் சில நிமிடம் தொங்கவிட்ட பிறகு பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாகத் தருவிப்பதாக இருந்தால், ப்ளூடூத் உள்ள கருவிகளுக்கு இந்தியாவில் டபிள்யூபிசி (வயர்லெஸ் கருவிகளுக்கான அரசுப் பிரிவு) ஒப்புதல் விதி உண்டு என்பதை நினைவில் வையுங்கள். சுங்கத்தில் நின்றுவிடலாம். உள்ளூர் விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவது நிம்மதி.

ஒரே விவரத்துக்கு இரண்டு ஆப் இரண்டு விடை தருகின்றன. எதை நம்புவது?

விவரம் ஒன்றாக இருக்காது, அதுதான் காரணம். ஒரே பிசி மாடல், ஒரே வானிலை கொடுத்தால் ஒழுங்கான எந்த இரண்டு மென்பொருளும் 600 மீட்டர் வரை 0.1 மில்லுக்குள் ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லையென்றால் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். காற்றை 0 ஆக்குங்கள். ஸ்பின் டிரிஃப்டையும் கோரியாலிஸையும் அணையுங்கள். ஜீரோ தூரம் ஒன்றில் மீட்டரிலும் மற்றதில் கஜத்திலும் இருக்கிறதா பாருங்கள். பிசிக்கான தரக் காற்று ஐசிஏஓவா, பழைய ஆர்மி மெட்ரோவா என்ற தேர்வு சில ஆப்களில் ஒளிந்திருக்கும். இரண்டுக்கும் அடர்த்தியில் ஏறக்குறைய 2 சதவீத வித்தியாசம். பிறகு வெப்பநிலையை 15இலிருந்து 40க்கு மாற்றிப் பாருங்கள். விடை அசையவே இல்லையென்றால் அந்த ஆப் வானிலையை வேறெங்கிருந்தோ எடுக்கிறது.

ஏர் ரைபிளுக்குப் பயன்படுமா?

உரிமம் தேவைப்படாத 20 ஜூலுக்கு உட்பட்ட .177இல் 50 மீட்டர் வரை பழகுபவர்களுக்கு நன்றாகவே பயன்படும். பெல்லட்டின் ஜி1 பிசி 0.02 முதல் 0.03 வரைதான். இழுவை அதிகம் என்பதால் 10 மீட்டர் தூரத் தவறுகூடப் பெரிதாகத் தெரியும். ஜிஏ என்ற பெல்லட் மாடல் உள்ள ஆப் கிடைத்தால் அதை எடுங்கள். சைட் உயரத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பது இங்கே இன்னும் முக்கியம்.

இதை வைத்து வேட்டைக்கு...?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி வேட்டை குற்றம். அனுமதி பெற்ற ரேஞ்சுக்கு வெளியே, காலி நிலமாக இருந்தாலும் மலையடிவாரமாக இருந்தாலும், சுட்டுப் பழகவும் கூடாது. உரிமம் போவது மட்டுமல்ல, .22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போய் விழும்.

போட்டியில் போனைப் பார்த்துச் சுட விடுவார்களா?

சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் (ஐஎஸ்எஸ்எஃப்) விதிகளின்படி நடக்கும் போட்டிகளில் ஃபயரிங் லைனில் போனுக்கும் கைக்கடிகாரக் கருவிகளுக்கும் அனுமதியில்லை. மற்ற போட்டிகளில் அமைப்பாளரிடம் முன்பே கேளுங்கள். எப்படியானாலும் கையில் ஒரு டோப் கார்டு (தூரத்துக்குத் தூரம் திருத்தம் எழுதிய அட்டை) இருக்க வேண்டும்.

கார்டை இப்படித் தயாரியுங்கள். இடது ஓரத்தில் தூரம்: 50இலிருந்து 100 வரை 10 மீட்டர் இடைவெளி, அதற்கு மேல் 200 வரை 5 மீட்டர் இடைவெளி. .22 குண்டு 150 மீட்டரைத் தாண்டியதும் 5 மீட்டருக்கே 0.3 மில் அளவுக்கு இறங்குவதால் அங்கே இடைவெளி பெரிதாக இருக்கக் கூடாது. ஏற்றத்துக்கு இரண்டு பத்திகள்: ஒன்று டென்சிட்டி ஆல்டிட்யூட் 300 மீட்டருக்கு, மற்றது 900க்கு. மார்கழிக் காலைக்கு முதல் பத்தி, கத்திரி வெயிலுக்கு இரண்டாவது, இடைப்பட்ட நாளுக்கு இரண்டுக்கும் நடுவில். கடைசிப் பத்தியில் 1 மீ/வி குறுக்குக் காற்றுக்கான திருத்தம் மட்டும். 3 மீ/வி என்றால் மனத்திலேயே மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம். கார்டின் தலையில் ரைபிள், லாட் எண், அளந்த வேகம், அளந்த தேதி. எழுத்து 14 பாயின்ட்டுக்குக் குறையாமல், கறுப்பில். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மேட் லேமினேஷன் கேட்டு வாங்குங்கள். பளபளப்பானது வெயிலில் கண்ணைக் கூசும். லாட் மாறிய அன்றே பழைய கார்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், பையில் இரண்டு கார்டு இருந்தால் அவசரத்தில் கைக்கு வருவது பழையதாக இருக்கும்.